இங்கிலாந்தின் பழைய கிராமங்கள்: நான்கு நாளில் எதை, எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "ஜூன் முதல் வாரம் லண்டன் வருகிறோம். நான், மனைவி, 68 வயது அம்மா. படங்களில் பார்க்கும் அந்தப் பழைய கிராமங்களுக்காக நான்கு நாள் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே நாளில் ஐந்தாறு ஊர்களைக் காட்டும் பஸ் டூரில் போகலாமா, ரயிலா, வாடகைக் காரா? அம்மா சைவம். மெதுவாக நடப்பார், ஆனால் நிறைய ஏற்ற இறக்கம் முடியாது."

பஸ் டூர் வேண்டாம். நான் ஒருமுறை செய்த தவறு அது. என் மாமனாரும் மாமியாரும் முதல்முறை இங்கே வந்தபோது லண்டனிலிருந்து அப்படி ஒரு டூரில்தான் அழைத்துப்போனேன். பைபரி என்ற ஊரில் 40 நிமிடம் கொடுத்தார்கள். அதில் பாதி கழிப்பறை வரிசையில் போய்விட்டது. மீதியில் எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று படம் எடுத்தோம். திரும்ப பஸ்ஸில் ஏறும்போது மாமனார் கேட்டார்: "இவ்வளவு சின்ன ஊர்ல இவ்வளவு பெரிய கோயில், கல்லுல வீடுங்க. காசு எங்கிருந்து வந்துச்சு மாப்ள? அப்புறம் ஏன் ஊர் பெருசாகாம அப்படியே நின்னுருச்சு?"

வழிகாட்டிக்கு அதற்குள் அடுத்த ஊரின் நேரம் வந்துவிட்டது. ஆனால் கேட்டால் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்தால் இந்த ஊர்களில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. தெரியாவிட்டால் மூன்றாவது ஊரிலேயே எல்லாம் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும். எனவே எங்கே போவது, எங்கே தங்குவது என்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காசு ஆட்டின் முதுகிலிருந்து வந்தது. இடைக்கால இங்கிலாந்தின் பெரிய ஏற்றுமதி கம்பளிதான். ஃபிளாண்டர்ஸிலும் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) இத்தாலியிலும் நெய்த உயர்ந்த துணிகளுக்கு இங்கிருந்துதான் ரோமம் போனது. பிறகு இங்கேயே நெய்து துணியாக அனுப்பத் தொடங்கினார்கள். நாடாளுமன்றத்தின் மேலவையான லார்ட்ஸ் சபையின் தலைவர் இன்றைக்கும் கம்பளி அடைத்த ஒரு சிவப்புத் திண்டின் மேல்தான் உட்காருகிறார். நாட்டின் செல்வம் எதில் இருந்தது என்பதை மறக்காமல் இருக்க வைத்த இருக்கை அது. கிளாஸ்டர்ஷயர், ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பக்கமுள்ள காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளிலும், கிழக்கே சஃபோக்கிலும் அந்தப் பணம் ஊர் ஊராகக் கொட்டியது. வியாபாரிகள் வீடு கட்டினார்கள், சந்தை மண்டபம் கட்டினார்கள், தங்கள் ஆன்மாவுக்காக ஊரின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய தேவாலயங்களைக் கட்டினார்கள்.

அப்புறம் தொழில் போய்விட்டது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு காலத்தில், வேறு வேறு காரணத்தால். சஃபோக்கில் 16-ஆம் நூற்றாண்டிலேயே. டச்சு அகதிகள் கால்செஸ்டர் பக்கம் வந்து, இலேசான, விலை குறைந்த துணியை நெய்ய ஆரம்பித்ததும் பழைய கனத்த துணிக்கு ஆள் இல்லாமல் போனது. மேற்கே நீராவி எந்திரம் வந்த பிறகு. யார்க்ஷயரில் நிலக்கரி இருந்தது, இங்கே இல்லை. ஆலைகள் அங்கே போயின, ஆட்களும் போனார்கள். மிஞ்சியவர்களிடம் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட வசதி இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒழுகும் கூரையை ஒட்டுப்போட்டுக்கொண்டு அதே வீட்டில் இருந்தார்கள். இன்று நாம் விமானம் ஏறி வந்து பார்க்கும் அழகில் பெரும்பங்கு அந்த வறுமை மிச்சம் வைத்தது.

என் மாமனார் சென்னிமலையில் கைத்தறிச் சங்கமொன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னதும் அவருக்கு மேற்கொண்டு விளக்கமே தேவைப்படவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தபோது, பைபரியில் ஆர்லிங்டன் ரோ என்ற அந்த வரிசை வீடுகளின் முன்னால் அரை மணி நேரம் நின்றார். 1380 வாக்கில் மடாலயத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டிய கட்டடம் அது. 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள். முன்னால் இருக்கும் சதுப்பான புல்வெளிக்கு ரேக் ஐல் என்று பெயர். ஆலையில் நனைத்து அடித்து இறுக்கிய துணியைச் சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயவைத்த இடம் என்பதால் வந்த பெயர். எல்லோரும் வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் அந்த வெறும் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து வர்ற பக்கமா பார்த்துத்தான் போட்டிருப்பாங்க" என்றார்.

சரி, இப்போது உங்கள் நான்கு நாள். மூன்று நாள் காட்ஸ்வோல்ட்ஸ், அங்கேயே இரண்டு இரவு தங்கல். நான்காவது நாள் லண்டனிலிருந்து லேக்காக். இதுதான் என் யோசனை. பகல் 11 மணி முதல் 4 மணி வரை பஸ் டூர்களின் நேரம். அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊர்கள் வேறு ஊர்கள். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மாலை ஆறரைக்கு அந்தத் தேன்நிறக் கல்லின் மேல் சாய்வெயில் விழுவதைப் பார்க்கவேண்டுமானால் அங்கேயே தங்கியிருக்க வேண்டும், வேறு வழியில்லை.

தங்குவதற்கு நான் சொல்வது சிப்பிங் கேம்டன். லண்டன் பேடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு நேரடி ரயில் உண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அங்கிருந்து பஸ் அல்லது டாக்சி. "சிப்பிங்" என்பது சந்தையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயர் ஒட்டியிருக்கும் ஊரெல்லாம் சந்தை கூடிய ஊர்தான். முக்கியத் தெரு ஒன்றே ஒன்று, நீளமாக, இலேசாக வளைந்து போகும். பெரும்பாலும் சமதளம், அம்மா கஷ்டமில்லாமல் நடக்கலாம்.

தெருவின் நடுவில் இருக்கும் சந்தை மண்டபம் 1627-இல் கட்டியது. கட்டிக்கொடுத்தவர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ், லண்டனில் பட்டு வியாபாரம் செய்து அரசருக்கே கடன் கொடுத்த ஆள். வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்க வந்தவர்கள் மழையில் நனையாமல் இருக்க எழுப்பிய கூரை. உள்ளே போய்த் தரையைப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும் அந்தக் கற்கள் நாலு நூற்றாண்டுச் செருப்புகளின் வேலை. 1940-களில் இது ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட இருந்தது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி மீட்டு, பழைய இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் வசம் ஒப்படைத்தார்கள். அதே ஹிக்ஸ் 1612-இல் ஏழை முதியவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் தேவாலயத்துக்குப் போகும் வழியில் இருக்கின்றன. அவற்றில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள்.

தேவாலயத்துக்குள் போனால் தரையில் பதித்த பெரிய பித்தளைத் தகடு ஒன்றைத் தேடுங்கள். வில்லியம் கிரெவெல், இறந்தது 1401. இங்கிலாந்து முழுவதிலுமுள்ள கம்பளி வியாபாரிகளுக்கெல்லாம் மலர் போன்றவர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அவர் வீடும் அதே தெருவில், ஏறத்தாழ 1380-இல் கட்டியது, இன்னமும் நிற்கிறது. ஆனால் தகடுகள் என்றால் நார்த்லீச் தேவாலயத்தைச் சொல்லவேண்டும். அங்கே கம்பளி வியாபாரிகளின் உருவங்கள் ஆள் உயரத்துக்குப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெரிய பிரபுக்களின் கல்லறைகளில் காலடியில் சிங்கமோ நாயோ இருக்கும். இவர்கள் கால் ஊன்றியிருப்பது செம்மறியாட்டின் மேல், கம்பளி மூட்டையின் மேல். எதனால் வாழ்ந்தோம் என்பதைக் கூச்சமில்லாமல் காலடியில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பகுதியிலேயே மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

கட்டடங்களைப் பார்க்கும்போது கண்ணைக் கூரைக்குக் கொண்டுபோங்கள். காட்ஸ்வோல்ட்ஸில் நிறையக் கூரைகள் கல்லால் வேய்ந்தவை. ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் வெட்டிய கற்பாளங்களைக் குளிர்காலத்தில் வெளியே ஈரமாகப் போட்டு வைப்பார்கள். உள்ளே ஊறிய நீர் உறைபனியில் விரிந்து, கல்லைத் தகடு தகடாகப் பிளந்துவிடும். உளி செய்யவேண்டிய வேலையைப் பனி செய்தது. அப்படிக் கிடைத்த ஓடுகளைத் தரம் பிரித்து, பெரியவற்றைக் கூரையின் கீழ் விளிம்பில், போகப்போகச் சிறியவற்றை உச்சியில் அடுக்குவார்கள். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு எந்த வீட்டைப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும். வைக்கோலும் நாணலும் வேய்ந்த கூரைகளும் உண்டு. சிலவற்றின் உச்சியில் வைக்கோலாலேயே செய்த மயிலோ நரியோ உட்கார்ந்திருக்கும், வேய்ந்தவர் விட்டுப்போன கையெழுத்து.

இரண்டாம் நாள் ஒரு டாக்சியைப் பேசிக்கொண்டு பைபரி, பர்ஃபர்ட், நார்த்லீச் போய்வாருங்கள். மூன்று பேருக்குக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகும். பைபரிக்குக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இங்கிலாந்திலேயே அழகான கிராமம் என்று சொன்ன ஊர் இது. அதனாலேயே பகலில் நிற்க இடமிருக்காது. அந்த வீடுகள் சிலவற்றில் ஆட்கள் வசிக்கிறார்கள். ஜன்னலில் முகம் வைத்துப் பார்ப்பது, வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுப்பது எல்லாம் வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் அங்கே தினமும் நடக்கிறது.

பர்ஃபர்ட்டை ஊர் என்பதைவிடச் சிறு நகரம் என்று சொல்லலாம். சரிவான தெருவின் அடிவாரத்தில் தேவாலயம். டாக்சியை அங்கேயே இறக்கிவிடச் சொல்லுங்கள், அம்மாவுக்கு ஏற்றம் மிச்சம். உள்ளே ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது, மேலே ஈயத் தகடு போர்த்தியது. அதன் விளிம்பில் கோணல்மாணலாக ஒரு பெயர் கீறியிருக்கும்: ஆன்டனி செட்லி, 1649, கைதி. உள்நாட்டுப் போர் முடிந்து அரசரின் தலையை வெட்டிய வருடம் அது. அரசரை எதிர்த்து வென்ற கிராம்வெல்லின் படையிலேயே, சாதாரண ஜனங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்ற குரலோடு நின்ற லெவலர்கள் கலகம் செய்தார்கள். சுமார் 340 பேரைப் பிடித்து இந்தத் தேவாலயத்துக்குள் அடைத்தார்கள். 1649 மே 17 அன்று மூன்று பேரை வெளியே கொண்டுபோய் முற்றத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். உள்ளே, அடுத்தது யாரோ என்று தெரியாமல் காத்திருந்த ஒருவன் கத்தியாலோ ஆணியாலோ தன் பெயரைக் கீறியிருக்கிறான். நான் போகும்போதெல்லாம் அந்த எழுத்தின் அருகில் போய் நிற்பேன். தொடமாட்டேன்.

இந்தத் தேவாலயத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1870-களில் இதைப் 'புதுப்பிக்கிறேன்' என்று பழைய சுவர்ப்பூச்சையெல்லாம் சுரண்டுவதைக் கண்டு கொதித்தவர்தான் மாரிஸ். 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அவர் தொடங்க அதுவும் ஒரு காரணம். இடிக்காதே, புதிதாக்காதே, பழுதை மட்டும் பார் என்பது அவர்கள் கொள்கை. வறுமை காத்ததை 1877-க்குப் பிறகு மனிதர்கள் தெரிந்தே காக்கத் தொடங்கினார்கள். 1947-இல் சட்டமே வந்தது. இன்று இங்கிலாந்தில் சுமார் 4 லட்சம் கட்டடப் பதிவுகள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப் பட்டியலில் உள்ள வீட்டில் இருப்பவர் ஜன்னலை மாற்றவும் உள்ளூராட்சியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் போகலாம். நடுத்தெருவில் முழங்கால் ஆழத்துக்கு ஓடும் ஆறும் குட்டிப் பாலங்களும் அழகுதான், ஆனால் கடைவீதி இரைச்சல் அதிகம். அதிக நேரம் வேண்டாம். அங்கிருந்து லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் என்ற இரண்டு ஊர்களும் பக்கம்தான். பெயரைக் கேட்டால் ஏதோ படுகொலை நடந்ததுபோல் இருக்கும். உண்மையில் சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய சொல் அது. இரண்டுக்கும் இடையே வயல்வழியாக ஒன்றரை கிலோமீட்டர் நடை. அம்மாவை லோயர் ஸ்லாட்டரில் ஓடைக்கரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் இருவர் போய்வரலாம்.

அப்பர் ஸ்லாட்டரில் ஒன்று கவனியுங்கள். எந்த ஆங்கிலக் கிராமத்துக்குப் போனாலும் தேவாலயத்தருகே ஒரு போர் நினைவுக்கல் இருக்கும். இருபது வீடு உள்ள ஊரில் பதினைந்து பெயர் இருக்கும், ஒரே குடும்பப்பெயர் மூன்று முறை வரும். அப்பர் ஸ்லாட்டரில் அப்படிப்பட்ட கல் கிடையாது. இரண்டு உலகப் போருக்கும் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய மிகச் சில ஊர்களில் இதுவும் ஒன்று.

அன்று மாலை மோர்ட்டனில் ரயில் ஏறி லண்டன் திரும்புங்கள். நான்காம் நாள் பேடிங்டனிலிருந்து சிப்பனம், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து லேக்காக் டாக்சியில் கால் மணிதான், பஸ்ஸும் உண்டு.

எந்த ஊருக்கு முதலில் போகலாம் என்று என்னை யார் கேட்டாலும் லேக்காக் என்றுதான் சொல்வேன். நாலே தெரு, சதுரமாக. 1232-இல் சாலிஸ்பரி சீமாட்டி ஏலா தொடங்கிய கன்னியர் மடம் ஊரோரத்தில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது அது தனியார் மாளிகையானது. மாளிகைக்காரர்களிடமே ஊரும் இருந்ததால் யாரும் இஷ்டப்படி இடித்துக் கட்டவில்லை. 1944-இல் மடில்டா டால்பட் என்ற அம்மையார் மாளிகை, கிராமம் எல்லாவற்றையும் சேர்த்து நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பெரும்பாலான வீடுகளில் இன்றும் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். தெருவில் மின்கம்பியோ டிவி ஆண்டெனாவோ கண்ணில் படாது. அதனால்தான் பழங்காலக் கதை என்றால் படப்பிடிப்புக்காரர்கள் இங்கே ஓடிவருகிறார்கள்.

மாளிகையில் தெற்குப்பக்க நடையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, வைரவடிவக் கண்ணாடித் துண்டுகள் பதித்தது. 1835 ஆகஸ்டில் அந்த வீட்டுக்காரரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், வெள்ளி உப்பு பூசிய ஒரு துண்டுக் காகிதத்தைச் சிறிய மரப்பெட்டிக்குள் வைத்து அந்த ஜன்னலைப் பிடித்தார். அந்தப் பெட்டிகள் வீடெங்கும் கிடந்ததால் அவர் மனைவி அவற்றுக்கு எலிப்பொறி என்று பெயர் வைத்திருந்தார். பதிந்த படம் தபால்தலையைவிடச் சற்றே பெரியது. புதிதாக இருந்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடித் துண்டுகளையும் எண்ணிவிடலாம் என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் அதுதான். ஜன்னல் அதே இடத்தில் இருக்கிறது. வருபவர்கள் எல்லோரும் போனை எடுத்து அதைப் படம் பிடிக்கிறார்கள், நானும்தான்.

அங்கிருந்து காசில் கூம் டாக்சி தூரம். பள்ளத்தாக்கின் அடியில் ஒரு தெரு, ஓர் ஓடை, ஒரு பாலம், சந்தை கூடிய இடத்தில் கூரை போட்ட 14-ஆம் நூற்றாண்டுச் சிலுவைத் தூண். தேவாலயத்துக்குள் முள்ளும் முகமும் இல்லாத பழைய கடிகாரம் ஒன்று உண்டு, மணியை மட்டும் அடிப்பதற்கென்று செய்தது. கார் நிறுத்துமிடம் மேட்டின் மேல் இருப்பதால் இறங்கி ஏற வேண்டும். டாக்சியில் போனால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னும் இரண்டு நாள் கூட்ட முடிந்தால் சஃபோக்கில் லாவனம் போங்கள். அது முற்றிலும் வேறு உலகம். கல் கிடைக்காத நாடு, எனவே எல்லாம் மரச்சட்டம். 1520-களில் இங்கிலாந்தின் மிகப் பணக்கார ஊர்களின் வரிசையில் இருந்தது, நீலத் துணிக்குப் பேர்போனது. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு கோணலாக நிற்கும். ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துச் சட்டம் பூட்டினார்கள். அது வீட்டோடு சேர்ந்தே காய்ந்து முறுக்கிக்கொண்டது. தேவாலயக் கோபுரம் 141 அடி. அடுத்துள்ள கெர்சி கிராமத்தில் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடை போகிறது, கார்கள் தண்ணீரில் இறங்கித்தான் ஏறுகின்றன. கெர்சி என்பது ஒரு துணியின் பெயரும்கூட. லாவனத்துக்கு ரயில் இல்லை. லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து மார்க்ஸ் டே வழியாக சட்பரி வரை ரயில், பிறகு பஸ்.

வடக்கே ஷெஃபீல்ட், மான்செஸ்டர் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் டார்பிஷயரில் ஈயம் என்ற ஊரை விடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் 'ஈம்' என்பார்கள். அழகுக்காக மட்டும் போகும் ஊர் இல்லை. 1665-இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்குத் துணிக்கட்டு வந்தது, அதோடு தெள்ளுப்பூச்சியும் பிளேக்கும் வந்தன. ஊரை விட்டு ஓடினால் சுற்றுவட்டாரமெல்லாம் பரவும் என்று பாதிரியார் வில்லியம் மாம்ப்பெசன் மக்களிடம் பேசி, யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவெடுக்க வைத்தார். வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லில் உணவை வைத்துவிட்டுப் போவார்கள். நோய் ஒட்டாமல் இருக்க, கல்லில் குடைந்த குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள் இவர்கள். அந்தக் கல் இன்றும் வயலில் கிடக்கிறது, குழிகளில் வருகிறவர்கள் சில்லறை வைத்துவிட்டுப் போகிறார்கள். 14 மாதத்தில் சுமார் 260 பேர் செத்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே இழுத்துப்போய்ப் புதைத்தார். ஊருக்கு வெளியே ஒரு வயலில், வட்டச் சுவருக்குள் அந்தக் கற்கள் இருக்கின்றன. பாதிரியாரின் மனைவியும் தப்பவில்லை.

எங்கள் வீடு ரெடிங் பக்கம் என்பதால் ஊரிலிருந்து வருபவர்களை ஸ்டோக் ரோ என்ற கிராமத்துக்கும் கூட்டிப்போவேன், சில்டர்ன் குன்றுகளில் இருக்கிறது. அங்கே மேலே குவிமாடமும், உள்ளே நீர் இறைக்கும் எந்திரத்தின் மேல் தங்கநிற யானையுமாக ஒரு கிணறு நிற்கும். சுண்ணாம்பு மேடு, தண்ணீர் நிற்காது. வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காகத் தாயிடம் அடி வாங்கிய இந்தப் பக்கத்துச் சிறுவன் ஒருவனின் கதையை, வட இந்தியாவில் அதிகாரியாக இருந்த எட்வர்ட் ரீட் காசி மகாராஜாவிடம் சொல்லியிருந்தார். ரீட் அங்கே ஒரு ஊருக்குக் கிணறு வெட்டிக்கொடுத்தவர். அந்த நன்றிக்காக மகாராஜா தன் செலவில் இந்த ஆங்கிலக் கிராமத்துக்குக் கிணறு வெட்டிக்கொடுத்தார். 1864-இல் திறந்தது. ஆழம் 368 அடி, அகலம் நாலே அடி, முழுக்கக் கையால் தோண்டியது. எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும்.

காரைப் பற்றி. நம் ஊர் லைசென்ஸில் பார்வையாளராக ஓட்டலாம், இடதுபக்கம்தான் ஓட்டவும் வேண்டும். அந்த வகையில் பழக்கமானதுதான். சிக்கல் கிராமத்துப் பாதைகள். இரண்டு பக்கமும் உயரமான புதர்வேலி, நடுவில் ஒரு கார் மட்டும் போகும் அகலம், எதிரே டிராக்டர். ஒதுங்க இடம் இருக்கும் வரை பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை இருந்தால் சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை போகலாம், ஆனால் அந்தப் பாதையில் 25-க்கு மேல் போக மனம் வராது. உங்களுக்கே தயக்கம் என்றால் முதல் பயணத்தில் ரயிலும் டாக்சியும் போதும். பஸ்ஸை நம்பினால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள், பல ஊர்களுக்கு அன்று ஓடவே ஓடாது.

நடக்க ஆசைப்பட்டால் பொது நடைவழிகள் இந்த நாட்டின் பெரிய கொடை. தனியார் வயலின் குறுக்கே, ஆட்டு மந்தையின் நடுவே நடந்துபோக எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு, நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியதை மூடியும் விட்டு வாருங்கள். கன்றோடு நிற்கும் மாடுகளுக்கு நடுவே மட்டும் போகாதீர்கள், சுற்றிப் போங்கள்.

அம்மாவின் சாப்பாடு கஷ்டமில்லை, நேரம்தான் கஷ்டம். கிராமத்துப் பப் என்றால் குடிக்கிற இடம் என்று தயங்க வேண்டாம். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது. எல்லாவற்றிலும் சைவ உணவு இருக்கும், பட்டியலில் குறியிட்டிருப்பார்கள். ஆனால் பல இடங்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள், பிறகு ஆறு மணிக்குத்தான். சூப் எதில் வேகவைத்தது, உருளைக்கிழங்கு எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று கேளுங்கள். சில இடங்களில் மாட்டுக் கொழுப்பு பயன்படுத்துவார்கள். அம்மா முட்டையும் சாப்பிடமாட்டார் என்றால் கேக், ஸ்கோன் வாங்கும்போதும் கேட்டுவிடுங்கள். பையில் கொஞ்சம் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தால் மனம் நிம்மதி.

தேதியில் ஒரு எச்சரிக்கை. மே மாதக் கடைசித் திங்கள் இங்கே அரசு விடுமுறை, அந்த வாரம் முழுக்கப் பள்ளிகளுக்கும் விடுமுறை. அதே வாரத்தின் வெள்ளிக்கிழமை சிப்பிங் கேம்டனுக்கு வெளியே டோவர்ஸ் ஹில்லில் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு விளையாட்டு விழா நடக்கும். ஒருவர் முழங்காலுக்குக் கீழே ஒருவர் உதைத்து வீழ்த்தும் போட்டியெல்லாம் உண்டு. உங்கள் நாட்கள் அதற்கு அருகில் விழுந்தால் பார்க்க நல்ல வாய்ப்பு, ஆனால் அறை கிடைக்காது. விமான டிக்கெட் கைக்கு வந்த அன்றே அறையைப் போட்டுவிடுங்கள். தரைத்தள அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது, மாடிப்படி நெட்டுக்குத்தாக இருக்கும்.